வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் மாவு விடும்போது கண்ணாடியைத் துடைப்பது எப்படி?

யு.பி.வி.சி. என்கிற வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னலைத் துடைத்து முடித்து ஏணியை மடக்கும்போது கண்ணாடி பளிச்சென்றுதான் இருக்கும். கொஞ்ச நேரம் போய் வெயில் பட்டதும், மேல் விளிம்பிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு இறங்கியிருக்கும். சோப்பு அலசவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு வாளி தண்ணீர் அடித்தால் கோடு இன்னும் தடித்துப்போகும். அந்த வெள்ளை வருவது ஃப்ரேமிலிருந்து. ஜன்னல் துடைக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், சொந்த வீட்டு ஜன்னலைத் தாங்களே துடைக்க நினைப்பவர்களும் முதலில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மதுரையில் திருப்பாலை, ஆனையூர், விளாங்குடி, திருநகர் என்று ஊர் விரிந்த பக்கமெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல்தான். கரையான் அரிக்காது, துரு ஏறாது, பெயிண்ட் வேண்டாம் என்று சொல்லித்தான் போடுகிறார்கள். மூன்றும் உண்மை. ஆனால் வெயில் அதையும் விடாது. வெள்ளை பி.வி.சி.யில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்ணிறப் பொடியைக் கலந்திருப்பார்கள். வெள்ளை நிறம் கொடுப்பதும், புற ஊதாக் கதிர் உள்ளே இறங்காமல் மறிப்பதும் அதன் வேலை. வருடக்கணக்கில் வெயில் குடித்து மேல்தோலில் உள்ள பிளாஸ்டிக் சிதையும்போது, அந்தப் பொடி பிடிமானம் இல்லாமல் மேலே தங்கிவிடுகிறது. இதைத்தான் ‘பவுடர் விடுது’, ‘மாவு விடுது’ என்கிறோம். சிதைவது மேல்தோல் மட்டும். உள்ளே பிளாஸ்டிக் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். கலவையில் கஞ்சத்தனம் பண்ணிய மலிவு ஃப்ரேம் சீக்கிரம் மாவு விடும், நல்ல ஃப்ரேம் தாங்கும்.

எந்த ஜன்னல் முதலில் போகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சன்ஷேட் இல்லாத மாடி ஜன்னலும், மேற்குப் பார்த்த ஜன்னலும்தான் முதல் பலி. வருடத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் அடுத்த அடி தெற்கு ஜன்னலுக்கு. வடக்கு ஜன்னல் தப்பித்தது என்று நினைத்துவிட வேண்டாம். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருப்பதால், சித்திரை தொடங்கி ஆவணி பிறந்து சில நாள் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நாலரை மாதம் வடக்கு ஃப்ரேமும் காயும். ஆகவே ஒரு ஜன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீடு முழுக்க அப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

முதல் வேலை: கறுப்புத் துணி

ஃப்ரேமில் ஒரு சாண் நீளத்துக்கு ஈரத் துணியால் தூசியைத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு காய்ந்த கறுப்புத் துணியை விரலில் சுற்றி அழுத்தி இழுங்கள். துணியில் கோலமாவைத் தொட்டது போல வெள்ளை ஒட்டினால், ஃப்ரேம் மாவு விடுகிறது என்று அர்த்தம். தூசியைத் துடைக்காமல் இழுத்தால் தெரு மண்தான் ஒட்டும், ஒன்றும் விளங்காது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வெள்ளைக் கோடு ஃப்ரேமுக்கு மேலே சுவரிலேயே தொடங்குகிறதா? அப்படியென்றால் உதிர்வது சுவர் பெயிண்டாகவும் இருக்கலாம். பழைய வெளிச்சுவர் பெயிண்டும் இதே மாதிரி மாவு விட்டு மழையில் வழியும். அதற்கு ஜன்னலை எத்தனை தடவை துடைத்தாலும் தீராது.

வேலையாக எடுத்துச் செய்கிறவர்கள் இந்தக் கறுப்புத் துணியை வீட்டுக்காரர் கண் முன்னால் இழுத்துக் காட்டிவிடுவது நல்லது. ஆரம்பத்திலேயே சொன்னால் விவரம், முடித்த பிறகு சொன்னால் சாக்கு. எங்களோடு துடைக்க வரும் பையன்கள் இப்படிச் சொல்வார்கள்: “அக்கா, இது அழுக்கு இல்லக்கா. வெயில்ல வெந்து பிளாஸ்டிக்கே உதிருது. தொடச்சா வெள்ளையாத்தான் இருக்கும், ஆனா புதுசுல இருந்த பளபளப்பு வராது. கொஞ்ச மாசத்துல திரும்ப லேசா விடும்.” உடனே ஒரு கேள்வி வரும்: “அப்ப ஜன்னலையே மாத்தணுமாப்பா?” வேண்டாம். விரிசல், வளைவு, மூலையில் ஒட்டு விட்டுப்போனது இதெல்லாம் இருந்தால்தான் ஜன்னல் போட்டவரைக் கூப்பிட வேண்டும். மாவு விடுவதற்காக மட்டும் யாரும் ஜன்னலைப் பிடுங்க வேண்டியதில்லை.

தண்ணீர் எது, துணி எது

பொருள் அதிகம் வேண்டாம். இரண்டு வாளி, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், நல்ல ரப்பர் உள்ள வைப்பர், கண்ணாடியை நனைக்க ஒரு பஞ்சுப் பட்டை, ஜன்னல் ஓடும் டிராக்குக்குப் பழைய பெயிண்ட் பிரஷ், விளக்குமாற்றுக் குச்சி சில. துணி மட்டும் தாராளமாக வேண்டும். மைக்ரோஃபைபர் துணி நல்லது. இல்லாவிட்டால் பல தடவை துவைத்துப் பஞ்சு உதிராமல் ஆகிப்போன வேட்டித் துணி போதும். ஃப்ரேமுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம் தொட்ட துணி கண்ணாடியைத் தொடவே கூடாது. இந்த வேலையின் சூட்சுமத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி, ஃப்ரேம் தண்ணீர் கண்ணாடியில் இறங்காமல் பார்த்துக்கொள்வது.

செய்தித்தாள் வேண்டாம். பழைய மர ஜன்னலுக்கு அது ஓடியது. வெள்ளை ஃப்ரேமில் மை ஒட்டிவிட்டால், மாவு விட்ட தோல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மதுரையில் தண்ணீரைப் பற்றித் தனியாகப் பேசாமல் தீராது. போர் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. அதில் துடைத்த கண்ணாடி காய்ந்ததும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளி விடும். ஃப்ரேம் மாவும் வெள்ளை, உப்பும் வெள்ளை. எது எது என்று தெரியாமல் குழம்புவீர்கள். ஃப்ரேமுக்கு எந்தத் தண்ணீரானாலும் பரவாயில்லை, துடைத்துக் காயவைக்கத்தான் போகிறோம். கண்ணாடிக்குக் கார்ப்பரேஷன் குழாயில் வருகிற நல்லதண்ணீரை ஒரு வாளி கேட்டு வாங்குங்கள். ஆர்.ஓ. மெஷினின் வேஸ்ட் தண்ணீரை ‘வீணாப் போகுதே’ என்று பிடித்துக் கொடுப்பார்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல், வாசல் கழுவ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீர் நேர் எதிர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து இறங்கிய தண்ணீர் என்பதால் அதில் உப்பு கிடையாது என்றே சொல்லலாம். துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால் கடைசித் துடைப்புக்கு அதைப்போல ஒன்று இல்லை.

நனைக்கும் முன் உலர்ந்த வேலை

தூசி இருக்கும்போதே தண்ணீர் பட்டால் சேறு. முதலில் கொசுவலை ஷட்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். பிரஷால் ஃப்ரேம், மூலை, டிராக் எல்லாம் தட்டி உதறி, வேக்குவம் இருந்தால் உறிஞ்சி எடுங்கள். டிராக்கில் மண்குளவிக் கூடு இருக்கும். சுரண்டும் முன் பிரஷ் காம்பால் தட்டிப் பாருங்கள், உள்ளே ஆள் இருந்தால் வெளியே வரட்டும். கூட்டை நனைத்து ஊறவிட்டு எடுத்தால் கீறல் விழாது. புறா எச்சமும் அப்படித்தான், ஊறப்போட்டு எடுக்க வேண்டும்.

கீழ் டிராக்கில் வெளிப்பக்கமாகச் சிறிய நீள ஓட்டைகள் இருக்கும். மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அது. நாங்கள் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் அது மண்ணடைத்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை சாய்ந்து அடிக்கும்போது ‘ஜன்னல் ஒழுகுது’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம். விளக்குமாற்றுக் குச்சியை விட்டு ஆட்டி எடுங்கள். இரும்புக் கம்பி விடாதீர்கள்.

தள்ளித் திறக்கும் கண்ணாடி ஷட்டரைக் கழற்றிக் கீழே வைத்துத் துடைப்பது சுலபம்தான். கிரில் வெளிப்பக்கம் இருந்தால் ஷட்டரை மேலே தூக்கி அடிப்பக்கத்தை உங்களை நோக்கி இழுத்து இறக்கலாம். மேல் மூலையில் தூக்காமல் தடுக்கும் பிளாஸ்டிக் கட்டை இருந்தால் அதை முதலில் கழற்ற வேண்டும். தனியாளாக இறங்காதீர்கள். 5 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. இரண்டரை அடிக்கு நான்கடி என்றால் கண்ணாடி மட்டுமே 11 கிலோவைத் தாண்டும், ஃப்ரேமும் உள்ளே இருக்கும் இரும்பும் தனி. கிரில் உள்பக்கம் இருந்தால் இறக்க வழியில்லை. கம்பி இடைவெளியில் கை எட்டின வரைக்கும் செய்துவிட்டு மீதியை வெளியிலிருந்து ஏணி வைத்துத்தான் செய்ய வேண்டும். சன்ஷேட் மேல் கால் வைக்காதீர்கள், யார் சொன்னாலும்.

ஃப்ரேம்

ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரத் திரவம் சில சொட்டு. நுரை பொங்க வேண்டியதில்லை. துணியை முக்கி, சொட்டுச் சொட்டாமல் முறுக்கிப் பிழியுங்கள். ஹோஸ் பைப்பைப் பிடித்து அடிப்பதோ, ஸ்பிரே பாட்டிலால் நேராக ஃப்ரேமில் பீய்ச்சுவதோ வேண்டாம். அடித்த தண்ணீரெல்லாம் மாவைக் கரைத்துக்கொண்டு கண்ணாடிக்குத்தான் இறங்கும், போகிற வழியில் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் சந்திலும் புகுந்துகொள்ளும்.

துணியை இரண்டு தடவை மடித்தால் புரட்டிப் புரட்டி எட்டு முகம் கிடைக்கும். மேல் சட்டம் முதலில், பிறகு இரு பக்கம், கடைசியில் கீழே. வட்டமாகத் தேய்க்காமல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே இழுப்பு. அந்த முகம் வெள்ளையாகிவிட்டிருக்கும். அடுத்த முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஒரு இழுப்பு. எட்டும் முடிந்ததும் அலசுங்கள். ஒரு பெரிய மேற்கு ஜன்னல் முடிவதற்குள் வாளித் தண்ணீர் வெள்ளையாகிவிடும். சலிக்காமல் மாற்றுங்கள், அதே தண்ணீரில் ஓட்டினால் எடுத்த மாவைத் திரும்பப் பூசுகிறீர்கள். சோப்புத் துணி முடிந்ததும் வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு சுற்று, காய்ந்த துணியால் ஒரு சுற்று. கண்ணாடியைப் பிடித்திருக்கும் கறுப்பு ரப்பரைத் தனித் துணியால் கடைசியில் துடையுங்கள். அதன் கறுப்பு வெள்ளை ஃப்ரேமில் இழுபட்டால் எடுப்பது பெரும்பாடு.

எங்கே நிறுத்துவது என்பதுதான் புதியவர்களுக்குப் புரியாத இடம். இரண்டாம் சுற்று முடிந்து காய்ந்த பிறகு கறுப்புத் துணியில் லேசாக மட்டும் படிந்தால் போதும், விட்டுவிடுங்கள். சுத்தமாக நிற்கும் வரை தேய்ப்பேன் என்று வைராக்கியம் பிடித்தால், நீங்கள் தேய்ப்பது மிச்சமிருக்கும் நல்ல தோலை. பச்சை ஸ்க்ரப்பரும் கம்பி நாரும் அந்த வேலையைத்தான் செய்யும்: அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும், அடுத்த மாதம் கீறலுக்குள் மண் ஏறிக் கறுத்துவிடும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கிறார்களே, அதுவும் மென்மையான உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்கிறது. பிடிவாதமான ஒரு கறைக்கு இரண்டு இழுப்பு இழுக்கலாம், ஃப்ரேம் முழுக்க வேண்டாம்.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, அவை பி.வி.சி.யின் மேல்தோலையே இளக்கிவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும் என்பார்கள். கண்ணாடி ரப்பர் உப்பிப்போகும். பாத்ரூம் ஆசிட் தாழ்ப்பாளையும் திருகாணியையும் அரிக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது ஜன்னலை விட உங்களுக்கு ஆபத்து. தேங்காய் எண்ணெய் பூசிய ஃப்ரேம் ஒரு வாரம் மின்னும். அதற்கப்புறம் ரிங் ரோட்டுத் தூசி பூராவும் அதில்தான் வந்து உட்காரும். எண்ணெய்க்கு ஒரே ஒரு உபயோகம் உண்டு. வீடு குடியேறும்போது உரிக்காமல் விட்ட பாதுகாப்பு டேப் வெயிலில் காய்ந்து ஒட்டிப்போயிருந்தால், பசைமீது கொஞ்சம் எண்ணெய் தடவி ஊறவிட்டுப் பழைய பிளாஸ்டிக் கார்டால் தள்ளி எடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடலாம். பிளேடு வைக்காதீர்கள்.

நடுவில் காயவிடுவது

ஃப்ரேம் முடிந்த கையோடு கண்ணாடிக்குப் போகக்கூடாது. மதுரை வெயிலில் ஃப்ரேம் மேலுள்ள தண்ணீர் நிமிடத்தில் காய்ந்துவிடும், ஆனால் ரப்பர் சந்திலும் மூலைப் பொருத்திலும் நிற்கிற தண்ணீர் நிதானமாகத்தான் இறங்கும். இறங்கும்போது மாவோடு இறங்கும். முதல் நாள் சாயங்காலம் ஃப்ரேம், மறுநாள் காலையில் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால் தொந்தரவே இல்லை. ஒரே நாளில் முடிக்க வேண்டிய வீடு என்றால் எல்லா ஃப்ரேமையும் முதல் சுற்றில் முடித்துவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டு, முதல் ஜன்னலுக்குத் திரும்புங்கள்.

கண்ணாடி

வெயில் அடிக்கிற கண்ணாடியைத் துடைக்காதீர்கள். சோப்பு அப்படியே காய்ந்து படிந்துவிடும். காலையில் மேற்குப் பக்கம், மத்தியானத்துக்கு மேல் கிழக்குப் பக்கம்.

புது வாளி, நல்லதண்ணீர், இரண்டே சொட்டுத் திரவம். கீழ் ஃப்ரேம்மீது ஒரு துணியை மடித்து விரித்துவிடுங்கள், வழிகிற தண்ணீரை அது வாங்கிக்கொள்ளும். கண்ணாடியின் மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பஞ்சுப் பட்டையைக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பட்டியை நன்றாகப் பிழிந்த துணியால் மட்டும் துடைத்து உடனே காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். மேல் ரப்பர் நனையாவிட்டால் கோட்டில் முக்கால்வாசி அங்கேயே நின்றுபோகும். அதற்குக் கீழே பஞ்சுப் பட்டையைப் பிழிந்து ஓட்டுங்கள். வைப்பரை நனைந்த இடத்தின் மேல் விளிம்பையொட்டிக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்து, வைப்பரின் ரப்பரைத் துடைத்துக்கொண்டு, பிறகு மேலிருந்து கீழாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடையுங்கள். ஓரங்களைக் காய்ந்த துணி சுற்றிய விரலால் ஒரே கோடாக இழுத்து முடியுங்கள். துணி ஃப்ரேமில் உரசிவிட்டதா, அந்தத் துணியைக் கீழே போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

நீளக் கம்பில் பிரஷ் கட்டித் தண்ணீர் பாய்ச்சித் துடைக்கும் முறை, மாவு விடும் ஃப்ரேமுக்கு ஒத்துவராது.

கண்ணாடியில் ஏற்கெனவே காய்ந்துபோன பழைய வெள்ளைக் கோடு இருந்தால், ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டவைத்து ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். புள்ளி புள்ளியாக நின்றால் அது போர் தண்ணீரின் உப்பு. வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, உடனே நல்லதண்ணீரில் துடையுங்கள். ஜன்னல் மேடை கடப்பாக்கல்லா, மார்பிளா என்று முதலில் பாருங்கள். இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை என்பதால் வினிகர் சொட்டிய இடம் மங்கிப்போகும். கிரானைட்டுக்குப் பயமில்லை. சன் ஃபிலிம் ஒட்டிய பக்கத்திலும், கண்ணாடி மாதிரி முகம் காட்டும் பூச்சுள்ள பக்கத்திலும் வினிகரும் வேண்டாம், தேய்க்கும் பொடியும் வேண்டாம், சோப்புத் தண்ணீர் மட்டும்.

அடுத்த தடவை சுலபமாக

ஃப்ரேம் நன்றாகக் காய்ந்த பிறகு, நிறமில்லாத கார் வேக்ஸை மெல்லிசாகத் தடவித் துணியால் தேய்த்துவிட்டால் சில மாதத்துக்கு மாவு உதிராமல் கட்டி நிற்கும், மழைத் தண்ணீரும் ஒட்டாமல் ஓடும். கட்டைவிரல் அளவு இடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முழுசாகப் போடுங்கள். கண்ணாடி, ரப்பர், டிராக் மூன்றிலும் படக்கூடாது. டிராக் இறுக்கமாக இருந்தால் உருளைக்குச் சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம், கிரீஸ் வேண்டாம். பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. பி.வி.சி.க்கு என்று டப்பாவில் போட்டிருக்கும் பெயிண்டாக இருந்தால் அடிக்கலாம், ஆனால் கரும்பழுப்பு, கறுப்பு வேண்டாம். கறுப்பு வெயிலை உறிஞ்சும், பி.வி.சி. 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். நம் ஊர்ச் சித்திரையில் மேற்குச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூலி பேசும்போது ஃப்ரேமையும் கண்ணாடியையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மாவு விடும் ஃப்ரேமுக்குப் போகிற நேரம் கண்ணாடிக்குப் போகிற நேரத்தை விட அதிகம். ‘ஜன்னலுக்கு இவ்வளவு’ என்று மொத்தமாக ஒத்துக்கொண்டால் கையைக் கடிக்கும். மார்கழிக் கடைசியில் பொங்கலுக்கு என்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், அப்போது ஃப்ரேம் வேலைக்கு நிதானம் கிடைக்காது. புரட்டாசியிலேயே ஒரு சுற்று முடித்துவிட்டால், மழைக்கு முன் டிராக் ஓட்டையும் திறந்திருக்கும்.

கிளம்பும் முன், கழற்றிய ஷட்டர்களில் தூக்குத் தடைக் கட்டையைத் திரும்ப மாட்டினோமா என்று பாருங்கள். மாட்டாமல் விட்டால் வெளியிலிருந்து யாரும் ஷட்டரைத் தூக்கிவிடலாம். தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, கீழ் டிராக்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிச்சுவர்ப் பக்கம் ஒழுகினால் சரி. உள்ளேயே தேங்கினால் குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள்.